எழுநூறில் ஒரு பங்கு

தல்காவானோவில் மழை பிடித்துக்கொண்டால்
பல்வலிகூட வீட்டைவிட்டு இறங்காது.
நாற்காலி காலி. விளக்கைத் தாழ்த்தி
வாய்க்குப் பதில் ஒரு பெட்டியைத் திறக்கிறேன்.

உள்ளே சாம்பல் நிறச் சட்டங்களில்
கொத்துக்கொத்தாய்க் காய்த்திருக்கிறது ஒரு போர்க்கப்பல்:
பத்துப் பீரங்கிக் குழல், இரண்டு புகைபோக்கி,
நெல்மணி நீளத்தில் படகுகள்.
இருபத்தெட்டாயிரம் டன் எஃகு
இங்கே ஒரு சாண், மூன்று விரற்கடை.
பெட்டியின்மேல் கனடா என்றிருக்கிறது.
எங்களுக்காகக் கட்டத் தொடங்கிய கப்பலைப்
போர் வந்ததும் ஆங்கிலேயர் வாங்கி வைத்த பெயர்.
கடைசியில் எங்களிடம் வந்தபோது
அல்மிராந்தே லத்தோரே.
நான் கட்டுவது வந்து சேர்ந்ததை.

என் வீட்டில் யாரும் கடற்படையில் இருந்ததில்லை.
அப்பா குளிர்பெட்டி பழுதுபார்த்தவர்.
ஏன் கப்பல் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல
என்னிடம் கதை இல்லை,
இடுக்கி இருக்கிறது.
ஈறோரம் காறையைச் சுரண்டும் கொக்கியால்
பிளாஸ்டிக் பிசிறைச் சுரண்டுகிறேன்.
சொத்தைக்கு இடும் பசையை
இரண்டு பாதி உடலுக்கும் நடுவே இழுத்துத் தேய்த்தால்
மூட்டு இருந்த இடம் தெரியாது.
பாவம் சென்யோரா ஓதிலியா,
அவருடைய கடைவாய்ப் பல்லில்
இத்தனை நேர்த்தி நான் காட்டியதில்லை.

ஜூலையில் ஒரு நடுக்கம். சின்னதுதான்,
தேநீர் சிந்தும் அளவு.
கடலில் ஆடுவதுபோல் கப்பல் ஆடவில்லை,
பொம்மைபோலவே ஆடியது.
முன்கொடிமரம் கழன்று விழுந்தது.
மூன்று மாலை முழங்காலிட்டுத் தேடினேன்.
அது என் செருப்படியில் ஒட்டிக்கொண்டு
மீன்சந்தை வரை போய்த் திரும்பியிருந்தது.

பிறகு ஆட்கள்.
தனி உறை. பித்தளைத் தகட்டில் நாற்பத்திரண்டு பேர்.
ஒருவர் உயரம் எள்ளளவு.
எல்லோரும் ஒரே வார்ப்பு,
எல்லோரும் நெற்றியில் கைவைத்து சல்யூட்.

யாருக்கு?

என் மேசையில் இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று,
செப்டம்பர், கொகிம்போ விரிகுடா.
சம்பளத்தில் வெட்டு என்று அறிவித்துவிட்டார்கள்.
அதிகாரிகளை அவரவர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு
எண்ணெய்ப் பிசுக்கோடு மேல்தளம் ஏறிய கை
நெற்றி வரை ஏறுமா?

உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டேன்.
மூச்சைப் பிடித்து, ஊசிமுனையால்
ஒவ்வொரு கையாக இறக்கினேன்.
ஒருவன் இடுப்பில் வைத்துக்கொண்டான்.
ஒருவன் பக்கத்தில் நின்றவன் தோளில்.
ஒருவனுக்குக் கை முறிந்தே போனது,
அவனைப் பீரங்கிக் கோபுரத்தின் நிழலில் சாய்த்துவைத்தேன்.
முப்பத்தொன்பதாவது ஆள் மசியவில்லை.
பித்தளை கெட்டி, அல்லது பயந்தவன்.
அப்படியும் ஒருவன் இருந்திருப்பான்தானே?
பின்தளத்தில், யாருமில்லாத பக்கம் பார்த்து
சல்யூட்டோடு நிற்கவிட்டேன்.

அக்டோபரில் போட்டி.
தீயணைப்பு நிலைய மாடி, பச்சைத் துணி விரித்த மேசைகள்.
நடுவர் தோன் எலியோதோரோ,
கடற்படையில் பொறியாளராய் இருந்து ஓய்ந்தவர்,
குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.
தாளில் எழுதினார்:
வண்ணம் நன்று.
மூட்டுகள் மிக நன்று.
மாலுமிகள் நிற்பதில் ஒழுங்கு போதாது.
இரண்டாம் பரிசு.

போகும்போது திரும்பி வந்து
பின்தளத்தைக் காட்டி, தாழ்ந்த குரலில்,
'இவன் மட்டும் ஏன்?' என்றார்.
'வளையவில்லை' என்றேன்.
தலையாட்டினார். எதற்கு என்று தெரியவில்லை.

உண்மைக் கப்பலை ஐம்பத்தொன்பதில்
இதே துறையிலிருந்து கட்டி இழுத்துப் போனார்கள்,
ஜப்பானுக்கு, உடைக்க.
உடைத்ததில் கொஞ்சம் எடுத்து
மிகாசா என்ற பழைய போர்க்கப்பலுக்கு
ஒட்டுப்போட்டார்களாம்.
மீந்த துண்டுகளை நானும் ஒரு தீப்பெட்டியில் போட்டு
மேலே மிகாசா என்று எழுதிவைத்திருக்கிறேன்,
அடுத்த மழைக்கு.
குலுக்கினால் குழல் துண்டுகளின் சத்தம் கேட்கும்.
கேட்காது, ஆனால் உள்ளே
ஒரு கையும் கிடக்கிறது.